பதில் வணக்கம்

தாய்லாந்தில் ஒரு புத்த பிக்குவைப் பார்த்துக் கை கூப்பினால், அவர் பதிலுக்குக் கூப்பமாட்டார். கும்பிட்டவர் நாட்டின் அரசராகவே இருந்தாலும் கூப்பமாட்டார். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர், பிக்கு கவனிக்கவில்லையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போய் இரண்டாவது கும்பிடு போடுவதுண்டு. இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது சலாம். ஒரு முஸ்லிம் சொன்ன சலாமுக்கு இன்னொரு முஸ்லிம் பதில் சொல்லாமல் போனால், அது வெறும் மரியாதைக் குறைவு அல்ல, மார்க்கக் கடமையைத் தவறவிட்டது.

வெளிநாடு போகிறவர்களுக்காக எழுதப்படும் குறிப்புகளில் இந்த வேறுபாடு வருவதே இல்லை. ஜப்பானில் குனியுங்கள், தாய்லாந்தில் கூப்புங்கள், நியூசிலாந்தில் மூக்கோடு மூக்கு வையுங்கள் என்று படம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அது முதல் பாதிதான். கையை எப்படி வைப்பது என்பதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். யார் தொடங்க வேண்டும், யார் திருப்பிச் செய்ய வேண்டும், யார் செய்யவே கூடாது, எந்த அளவுக்குச் செய்ய வேண்டும் என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

தாய்லாந்திலிருந்தே தொடங்கலாம். அங்கே கை கூப்புவதற்கு 'வாய்' என்று பெயர். நம் கும்பிடு மாதிரியே தெரிவதால் நம்மவர்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதில் உயரக் கணக்கு உண்டு. பிக்குவுக்கும் புத்தர் சிலைக்கும் கட்டைவிரல் புருவ மத்தியில் படவேண்டும், விரல் நுனிகள் முடி தொடங்கும் இடத்துக்குப் போகும். பெற்றோர், ஆசிரியர், வயதில் மூத்தவர் என்றால் கட்டைவிரல் மூக்கு நுனியில். சமவயதுக்காரர் என்றால் கட்டைவிரல் தாடையில், விரல் நுனி மூக்குக்கு நேராக. கையை உயர்த்துவதைவிடத் தலையைக் கையை நோக்கித் தாழ்த்துவதுதான் முறை. முழங்கை இரண்டும் உடம்பை ஒட்டி இருக்கவேண்டும். அகல விரித்து, மேடையில் அரசியல்வாதி கும்பிடுவதுபோலக் கும்பிட்டால் அங்கே வேடிக்கையாக இருக்கும்.

தொடங்க வேண்டியவர் இளையவர். மூத்தவர் பதிலுக்குக் கூப்புவார், ஆனால் ஒரு படி தாழ்வாக, மார்புக்கு நேராக. ஓட்டல் பணியாளரும் கடைக்காரரும் கூப்பினால் சிரித்துத் தலையசைப்பதே போதுமான பதில். ஐந்து வயதுக் குழந்தைக்கு நீங்கள் முந்திக்கொண்டு கை கூப்பினால் பெரியவர்கள் நெளிவார்கள். அன்பு மிகுதியில் செய்தாலும் அங்கே அது வரிசையைத் தலைகீழாக்குவது. இரண்டு கையிலும் பை இருந்தால் கீழே வைத்துவிட்டுக் கூப்புவது நல்லது. முடியாவிட்டால் லேசாகக் குனிந்தால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பிக்குவும் கூப்புவார், தன்னைவிட மூத்த பிக்குவுக்கு. அந்த மூப்பு பிறந்த தேதியைப் பொறுத்தது அல்ல. துறவு பூண்டபின் எத்தனை மழைக்காலத் தவங்களைக் கடந்திருக்கிறார் என்பதே கணக்கு. இருபத்தைந்து வயதில் ஐந்து மழைக்காலம் கண்டவருக்கு, அறுபது வயதில் போன வருடம் துறவு பூண்டவர் பணிய வேண்டும். இல்லறத்தாரின் வணக்கம் அந்த ஆளுக்குப் போவதில்லை, அவர் உடுத்தியிருக்கும் காவிக்கும் அதன் ஒழுக்கத்துக்கும் போகிறது. அதனால் அவர் திருப்பித் தருவதற்கு ஒன்றும் இல்லை.

தரையில் விழுந்து வணங்குவதிலும் இதே நுணுக்கம். புத்தருக்கும் பிக்குவுக்கும் மண்டியிட்டு, நெற்றியும் இரு உள்ளங்கைகளும் தரையில் படும்படி, மூன்று முறை. கைகள் விரிந்து தரையில் பதியும். தாய் தந்தைக்கு என்றால் ஒரே முறை, கூப்பிய கையைப் பிரிக்காமலே தரையில் வைப்பார்கள். பெற்றவர்களுக்கு மூன்று தடவை விழுந்தால் அதிகப்படி மரியாதை என்று நினைக்க வேண்டாம். அது வேறு இடத்துக்கு உரியது. கை கூப்பும்போது கூடவே சொல்லும் 'சவாதீ'யைப் பழங்கால மரபு என்று பலர் நினைக்கிறார்கள். அது பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் உருவாக்கி, 1943-இல் பிபூன் சொங்கிராம் அரசு அதிகாரபூர்வமாக்கிய சொல். அதன் வேர் வடமொழி 'ஸ்வஸ்தி'.

பதில் வணக்கம் செய்யாத துறவிகள் நம் பக்கமும் உண்டு. ஸ்மார்த்த (ஐயர்) மரபில் சந்நியாசிக்கு நான்கு நமஸ்காரம் செய்வார்கள். அவர் 'நாராயண, நாராயண' என்பதோடு சரி, தன் பேரில் ஆசி சொல்வதில்லை, கையும் கூப்புவதில்லை. பெற்ற தகப்பனே வந்து மகனை வணங்கவேண்டும். ஒரே விலக்கு தாய். உலகமே வணங்கும் சந்நியாசி, தாயை மட்டும் வணங்கவேண்டும் என்று சாஸ்திரம் சொல்கிறது.

இல்லறத்தாருக்குள் நடக்கும் அபிவாதனம் வேறு வகை. அது வணக்கம் மட்டுமல்ல, அறிமுகக் கடிதமும்கூட. முதலில் சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்திருக்க வேண்டும். பிறகு சற்றுக் குனிந்து, இரு காதுகளையும் தொட்டபடி 'அபிவாதயே' என்று தொடங்கி, தன் பிரவரத்தில் (குல முன்னோர் வரிசையில்) உள்ள ரிஷிகளின் பெயர்கள், கோத்திரம், பின்பற்றும் சடங்குச் சூத்திரம், ஓதும் வேதம், கடைசியில் தன் பெயரோடு சர்மா சேர்த்து 'அஸ்மி போ:' என்று முடிக்க வேண்டும். பெரியவர் காலைத் தொடும்போது கைகள் குறுக்காகப் போகும். எதிரே நிற்பவரின் வலது பாதம் நம் இடப்பக்கம் இருப்பதால், நம் வலது கை அவர் வலது பாதத்தையும் இடது கை இடது பாதத்தையும் தொட அதுதான் வழி. பூணூல் போட்ட புதிதில் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள். சந்நியாசியிடம் அபிவாதயே சொல்லக்கூடாது, அவருக்குக் குலம் கோத்திரம் எதுவும் பொருட்டல்ல. கோயிலுக்குள்ளும் சொல்வதில்லை. பலர் கூடிய சபையிலும் தனித்தனியாகச் சொல்வதில்லை.

இதற்கான பதிலுக்குப் பாணினி ஒரு சூத்திரமே எழுதி வைத்திருக்கிறார். பெரியவர் ஆசி கூறும்போது வணங்கியவரின் பெயரை ஒட்டி வரும் கடைசி உயிரை மூன்று மாத்திரைக்கு நீட்டிச் சொல்ல வேண்டும். அதே சூத்திரத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது: வணங்கியவர் சூத்திரர் என்றால் நீட்ட வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய இலக்கண நூலில், பதில் வணக்கத்தின் ஓசை நீளம்வரை சாதி போய் உட்கார்ந்திருக்கிறது. பதஞ்சலி பாணினிக்கு உரை எழுதும்போது, இப்படி நீட்டிப் பதில் சொல்லத் தெரியாதவனிடம் பெண்களிடம் சொல்வதுபோல 'இதோ நான்' என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார். இலக்கணம் படிக்க வேண்டியதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று!

பிக்கு திருப்பிக் கும்பிடாததும், பண்ணையார் திருப்பிக் கும்பிடாததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி 'கும்பிடுறேன் சாமி' என்று நின்றவருக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பதிலாகக் கிடைத்தது ஒரு தலையசைப்பு, சில நேரம் அதுவும் இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் 'வணக்கம்' சொல்லலாம், சொன்னவருக்கு அதே 'வணக்கம்' திரும்பி வரவேண்டும் என்ற பழக்கம் இருபதாம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்க மேடைகளும் தமிழ் இயக்கங்களும் பரப்பியது. இன்றைக்கு அது மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. யார் முதலில் சொல்கிறார் என்பதைக் கவனித்தால் பழைய கணக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை என்பது புரியும்.

விழுந்து வணங்குவதன் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் நிறைய. ஆண்களுக்கு எட்டு அங்கம் தரையில் படும் சாஷ்டாங்கம். பெண்களுக்குத் தலை, இரு கை, இரு முழங்கால் படும் பஞ்சாங்கம். கோயிலில் விழ வேண்டிய இடம் கொடிமரத்தடி, உள்ளே ஒவ்வொரு சந்நிதியிலும் அல்ல. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த சந்நிதி என்றால் தலை வடக்கே இருக்கவேண்டும். வடக்கு, தெற்குப் பார்த்த சந்நிதி என்றால் தலை கிழக்கே. கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போனபின் மனிதர் யாருக்கும் விழக்கூடாது, தாத்தாவே வந்தாலும் வெளியே வந்துதான். படுத்திருப்பவரையும் விழுந்து வணங்கக்கூடாது, அது இறந்தவருக்குச் செய்வது. வைணவர்களில் தென்கலையார் ஒருமுறை சேவிப்பார்கள், வடகலையார் ஒன்றுக்கு மேல் சேவிப்பார்கள். பெருமாளிடம் ஒருமுறை சரணடைந்தால் போதும் என்ற கொள்கையோடு சேர்ந்து போகிறது அந்த ஒற்றைச் சேவிப்பு. அடியார்கள் இருவர் சந்தித்தால் ஒருவரை ஒருவர் ஒரே நேரத்தில் சேவித்துக்கொள்வது இந்த மரபில் உள்ள அழகான வழக்கம். அங்கே முதல், பதில் என்ற பேச்சே இல்லை.

இனி சலாம். எனக்குத் தெரிந்த முகமன்களில் பதிலுக்கு இவ்வளவு துல்லியமாகச் சட்டம் வகுத்திருப்பது இது ஒன்றுதான். தொடங்குவது சுன்னத் (நபிவழி), பதில் சொல்வது கடமை. குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனம், உங்களுக்கு ஒருவர் முகமன் கூறினால் அதைவிடச் சிறந்ததைச் சொல்லுங்கள், குறைந்தது அதையே திருப்பிச் சொல்லுங்கள் என்கிறது. ஆகவே 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்றவருக்கு 'வ அலைக்குமுஸ்ஸலாம்' என்பது சரிக்குச் சரி. 'வ ரஹ்மத்துல்லாஹி' சேர்த்தால் ஒரு படி மேல், 'வ பரகாத்துஹு' வரை போனால் முழுமை. ஒவ்வொரு படிக்கும் பத்து, இருபது, முப்பது நன்மை என்று ஹதீஸ் (நபிமொழி) உண்டு. தப்பு நடப்பது எங்கே என்றால், முழுசாகச் சொன்னவருக்கு 'வ அலைக்கும்' என்று முனகிவிட்டுப் போவதில். வாங்கியதைவிடக் குறைத்துத் திருப்பித் தருவது அது.

யார் முதலில் என்பதும் எழுதி வைத்ததுதான். வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கு. நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு. சிறு கூட்டம் பெரிய கூட்டத்துக்கு. இளையவர் மூத்தவருக்கு. கடைசி விதியைத் தவிர மற்ற மூன்றும் வயதையோ அந்தஸ்தையோ பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குதிரையில் வருகிறவன் அதிகாரியாகவே இருந்தாலும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரருக்கு அவன்தான் முதலில் சொல்ல வேண்டும். பண்ணையார் கணக்கு இங்கே செல்லாது.

கூட்டத்தைப் பார்த்துச் சலாம் சொன்னால் அதில் ஒருவர் பதில் சொன்னாலே எல்லார் மீதும் உள்ள கடமை நீங்கிவிடும். கழிப்பறையில் இருப்பவருக்குச் சொல்லக்கூடாது. தொழுதுகொண்டிருப்பவரிடம் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்கக்கூடாது. வெள்ளிக்கிழமை குத்பா (பிரசங்கம்) நடக்கும்போது நுழைகிறவர் சத்தமில்லாமல் போய் உட்கார வேண்டும். சந்திக்கும்போது மட்டுமல்ல, சபையை விட்டு எழும்போதும் சலாம் உண்டு. பலரும் வரும்போது மட்டும் சொல்லிவிட்டு, போகும்போது 'சரி பாய், பாப்போம்' என்று போய்விடுகிறார்கள். இன்னொரு விஷயம், சலாமோடு உடம்பை வளைத்துக் குனிவது கிடையாது. குனிவது இறைவனுக்கு மட்டும். 'வணக்கம்' சொல்லத் தயங்கும் தமிழ் முஸ்லிம் பேச்சாளர்கள், பொதுமேடையில் 'உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தியும் சமாதானமும் உண்டாவதாக' என்று தொடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் எல்லாருக்கும் பொதுவாகப் பொருந்தும் ஏற்பாடு அது.

பதில் வளர்ந்துகொண்டே போகும் வழக்கம் அயர்லாந்திலும் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் ஒருவர் 'கடவுள் உன்னோடு' என்பார். பதில் சொல்கிறவர் 'கடவுளும் மரியாளும் உன்னோடு' என்று மரியன்னையைச் சேர்த்துக்கொள்வார். இன்னொருவர் வந்தால் புனித பாட்ரிக்கையும் சேர்க்கலாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களிடம் ஈஸ்டரன்று 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என்று சொன்னால், 'நன்றி, உங்களுக்கும்' என்பது பதில் அல்ல. 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என்பதுதான் பதில். ரஷ்யாவில் கன்னத்தில் மூன்று முத்தமும் சேரும்.

ரஷ்யா என்றதும் இன்னொன்று. அங்கே வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்று கை குலுக்கமாட்டார்கள். ஒன்று நீங்கள் உள்ளே வரவேண்டும், இல்லை அவர் வெளியே வருவார். நிலைப்படிக்கு மேலாகக் கொடுக்கல் வாங்கல் கூடாது என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புரியச் சிரமமே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் குலுக்க வேண்டும், குளிர் எவ்வளவு இருந்தாலும்.

கை குலுக்குவதில்தான் இன்று அதிகச் சண்டை. நெருங்கிய உறவல்லாத எதிர்ப்பாலரைத் தொடுவதில்லை என்பதைக் கடைப்பிடிக்கும் முஸ்லிம்களும் உண்டு, மரபுவழி யூதர்களும் உண்டு. ஐரோப்பாவில் பல இடங்களில் கை கொடுக்காவிட்டால் அது முகத்தில் அடித்த மாதிரி. சுவிட்சர்லாந்தில் வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவர்கள் ஆசிரியர் கையைக் குலுக்குவது வழக்கம். 2016-இல் டெர்வில் என்ற ஊரில் இரண்டு மாணவர்கள் ஆசிரியைகளின் கையைத் தொட மறுத்தார்கள். பள்ளி முதலில் விலக்குக் கொடுத்தது. மாநில நிர்வாகம் அதை ரத்து செய்து, மறுத்தால் பெற்றோருக்கு 5,000 ஃபிராங்க் வரை அபராதம் விதிக்கலாம் என்றது. டென்மார்க்கில் 2019 முதல் குடியுரிமைச் சடங்கில் கை குலுக்குவது சட்டப்படி கட்டாயமானது. கையுறையும் கூடாது. மறு வருடமே கொரோனா வந்து, கை குலுக்கலையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

சுவீடனில் 2018-இல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி. வேலை நேர்காணலில் ஆண் அதிகாரிக்குக் கை கொடுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணங்கிய முஸ்லிம் பெண்ணை நிறுவனம் அத்தோடு திருப்பி அனுப்பியது. தொழிலாளர் நீதிமன்றம் அவருக்கு 40,000 குரோனர் இழப்பீடு தரச் சொன்னது. ஆணையும் பெண்ணையும் சமமாக நடத்த வேண்டும் என்று நிறுவனம் கோரலாம், அந்தச் சமத்துவம் கை குலுக்கலாக மட்டுமே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பது சாரம். ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இடத்தில் அந்தப் பெண் இருவருக்கும் ஒரே மாதிரி நெஞ்சில் கை வைத்தே வணங்குபவர். என்னைக் கேட்டால் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி அதுதான். ஆண்களுக்குக் கை, பெண்களுக்குத் தலையசைப்பு என்று ஒரே அறையில் பிரித்தால்தான் குத்துகிறது.

எதிரில் இருப்பவர் எந்த வகை என்று தெரியாதபோது செய்ய வேண்டியது இதுதான். எதிர்ப்பாலராக இருந்தால் நீங்கள் முதலில் கை நீட்ட வேண்டாம், அவர் கை வருகிறதா என்று ஒரு கணம் பாருங்கள். வராவிட்டால் வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலையைச் சாய்த்தால் ஈரானிலிருந்து இந்தோனேசியா வரை அது புரியும். அவசரப்பட்டு நீட்டிவிட்டீர்களா? கையைச் சட்டென்று உதறி இழுக்காமல், நீட்டியதை அப்படியே மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுபோய்விடுங்கள். 'சாரி, சாரி' என்று நாலு தடவை சொல்வதுதான் எதிராளியை அதிகம் சங்கடப்படுத்தும். மலேசியாவில் மலாய்க்காரர்களின் சலாம் இறுக்கிக் குலுக்குவதல்ல. இரு கைகளாலும் மெதுவாகத் தொட்டு, கையைத் தன் நெஞ்சுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போய் முரட்டுப் பிடி பிடித்தால் ஆள் சரியில்லை என்று தோன்றும். பிலிப்பைன்ஸில் இளையவர் பெரியவரின் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வார், பெரியவர் 'கடவுள் உனக்கு அருள்வாராக' என்பார்.

இந்தியக் கத்தோலிக்கர்கள் இதை ஒரு ஆவணத்தாலேயே தீர்த்துக்கொண்டார்கள். 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு, ரோம் ஒப்புக்கொண்ட பன்னிரண்டு மாற்றங்களில் ஒன்று, திருப்பலியில் சமாதான முத்தத்துக்குப் பதிலாகக் கை கூப்பிக்கொள்வது. பீடத்தையும் நூலையும் முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், செருப்பைக் கழற்றுவதும், பஞ்சாங்க வணக்கமும் அதே பட்டியலில் உண்டு.

ஜப்பானில் தொடுதலே இல்லை, அதனால் எளிது என்று நினைக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுவது குனிவது ஆகாது. இடுப்பிலிருந்து வளைய வேண்டும், முதுகும் கழுத்தும் ஒரே கோடாக. வழியில் எதிர்ப்படும் சக ஊழியருக்குப் பதினைந்து பாகை. வாடிக்கையாளருக்கும் மேலதிகாரிக்கும் முப்பது. மன்னிப்புக் கேட்பதற்கும் ஆழ்ந்த நன்றிக்கும் நாற்பத்தைந்து. ஆண்களின் கைகள் தொடைப் பக்கவாட்டில், பெண்கள் முன்னால் ஒரு கைமேல் ஒரு கை. மூச்சை இழுத்தபடி குனிந்து, குனிந்த நிலையில் மூச்சை விட்டு, மறுபடி இழுத்தபடி நிமிர்வது ஒகசவாரா என்ற பழைய நடத்தைநெறி மரபு கற்றுத்தரும் அளவு. நிமிர்வது குனிந்ததைவிட மெதுவாக. வார்த்தையை முதலில் சொல்லி முடித்துவிட்டுப் பிறகு குனிய வேண்டும் என்பது அலுவலகங்களில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். பேசிக்கொண்டே குனிந்தால் சொன்னது தரைக்குப் போய்விடும்.

நம்மவர்கள் செய்யும் தவறுகள்: குனிந்தபடியே எதிராளியின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது, நடந்துகொண்டே குனிவது, குனியும்போது கை கூப்பிக்கொள்வது. கூப்பிய கை அங்கே உணவுக்கு முன்னும் கோயிலிலும்தான். பதில் குனிவு கட்டாயம், தாழ்ந்த நிலையில் உள்ளவர் இன்னும் ஆழமாகவும் நீளமாகவும் குனிவார். இருவருமே கடைசியாக நிமிர ஆசைப்பட்டால் குனிவு மாறி மாறி நடக்கும், ஒவ்வொரு தடவையும் ஆழம் குறைந்துகொண்டே வந்து தலையசைப்பில் முடியும். விருந்தாளியை வழியனுப்பும்போது லிஃப்ட் கதவு மூடும்வரை நிமிர்வதில்லை. கை குலுக்கவும் குனியவும் ஒரே நேரத்தில் முயன்றால் தலை முட்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றது.

அதே ஜப்பானியர் ஷின்டோ ஆலயத்துக்குப் போனால் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒருமுறை குனிவார். இஸுமோ பேராலயத்தில் கைதட்டல் நான்கு. அடுத்த தெருவில் உள்ள புத்தர் கோயிலில் கைதட்டக்கூடாது, சத்தமில்லாமல் கூப்ப வேண்டும். சுற்றுலாப் பயணிகள் இரண்டு இடத்திலும் தட்டுகிறார்கள்.

நியூசிலாந்து மாவோரிகளின் மூக்கோடு மூக்கு வைக்கும் 'ஹொங்கி'யைத் தனி வணக்கமாக மட்டுமே நினைப்பது சுற்றுலாப் புத்தகங்கள் செய்த வேலை. ஒரு முழு வரவேற்பின் முடிவை ஒட்டி வரும் பகுதி அது. வருகிறவர்களை எதிர்கொள்ளும் வீரன் ஒரு சிறு பொருளைத் தரையில் வைப்பான். வந்தவர்களில் ஒருவர், அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், முதுகைக் காட்டக்கூடாது. பிறகு வரவேற்பவர்கள் தரப்பிலிருந்து ஒரு பெண்மணி குரலெடுத்து அழைப்பார். வந்தவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் பதில் குரல் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தெரிந்தவர் யாரும் குழுவில் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உட்கார்ந்தபின் உரைகள். ஒவ்வொரு உரைக்குப் பின்னும் பேசியவரின் ஆட்கள் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அலுவலகக் குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உரையை எழுதிக்கொண்டு வருவார்கள், பாட்டைப் பற்றி யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். அன்பளிப்பு உறையைத் தரையில் வைத்தபின்தான் ஹொங்கி. வலது கைகள் பற்றியிருக்க, மூக்கும் நெற்றியும் மெதுவாகப் படும், உரசக் கூடாது. கண்ணை மூடிக்கொள்வது நல்லது. மூச்சைப் பகிர்ந்துகொள்வதாகப் பொருள். அதற்குப் பிறகு சாப்பாடு, அதோடு வந்தவர் விருந்தாளி என்ற நிலை மாறி வீட்டாரோடு சேர்ந்தவர் ஆகிவிடுகிறார்.

மங்கோலியப் புத்தாண்டில் இளையவர் தன் கைகளை உள்ளங்கை மேலாக நீட்டி மூத்தவரின் முழங்கைகளைக் கீழிருந்து தாங்குவார். வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் செய்வார்கள், கணவனும் மனைவியும் மட்டும் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதில்லை.

எங்கே வணக்கமே கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் திருத்துவது கஷ்டம். நம் ஊர்த் துக்க வீட்டில் 'வாங்க' கிடையாது, கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' கிடையாது. கையைத் தொட்டுத் துக்கம் கேட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போக வேண்டும். தீட்டுக் காக்கும் வீடுகளில் அந்த நாட்களில் நமஸ்காரம் செய்வதும் இல்லை, ஏற்பதும் இல்லை. யூதர்களின் ஏழு நாள் துக்கத்திலும் கிட்டத்தட்ட இதேதான். கதவு திறந்தே இருக்கும், மணியடிக்க வேண்டாம். 'ஷாலோம்' சொல்லக்கூடாது. துக்கத்தில் இருப்பவர் தாழ்வான இருக்கையில் இருப்பார், அவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசாமல் உட்கார வேண்டும். எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் அவர் எழுந்திருக்கத் தேவையில்லை. கிளம்பும்போது மட்டும் ஒரு வாசகம் உண்டு: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுவோர் நடுவே இறைவன் உங்களைத் தேற்றுவாராக. முஸ்லிம் வீட்டில் துக்கத்திலும் சலாம் நிற்பதில்லை. சாந்தி உண்டாகட்டும் என்ற வேண்டுதல்தானே, அதை நிறுத்துவதற்குக் காரணமில்லை. ஆகவே இந்துத் துக்க வீட்டுப் பழக்கத்தில் அங்கே போய் வாய் மூடி உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் குற்றமாகாது, ஆனால் அவர்கள் உங்களிடம் ஏதாவது ஆறுதல் வார்த்தையை எதிர்பார்த்திருப்பார்கள்.

கடைசியாக, நேரில் இல்லாதவருக்குச் சொல்லியனுப்பும் வணக்கம். 'வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க' என்று நாம் தினமும் சொல்கிறோம், கேட்டவரும் 'சொல்றேன்' என்கிறார், பேருந்து ஏறும் முன்பே மறந்துவிடுகிறார். சலாமில் இதற்கும் கணக்கு இருக்கிறது. சொல்லியனுப்பிய சலாமை எடுத்துப்போக ஒப்புக்கொண்டால் அது அமானிதம் (நம்பி ஒப்படைத்த பொருள்), ஒப்படைத்தே ஆகவேண்டும். முடியாது என்று தோன்றினால் ஒப்புக்கொள்ளாமல் இருந்துவிடலாம். வந்து சேர்ந்தபின் பதில் சொல்கிறவர் அனுப்பியவரை மட்டும் நினைத்து நிறுத்துவதில்லை. 'அலைக்க வ அலைஹிஸ்ஸலாம்', அதாவது சுமந்து வந்த உங்கள் மீதும் அவர் மீதும் என்று கொண்டுவந்தவரையும் சேர்த்துக்கொள்வது சிறந்தது. கடிதத்தில் வந்த சலாமுக்கும் பதில் உண்டு, படித்தவுடன் வாயால் சொன்னாலும் சரி, எழுதியனுப்பினாலும் சரி. வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒருவர் சலாம் போட்டதும் இருநூறு பேரும் வரிசையாகப் பதில் போட்டு போனை அதிரவிடுகிறார்களே, அதற்கு அவசியம் இல்லை. கூட்டத்துக்குச் சொன்ன சலாமுக்கான விதியை எடுத்துக்கொண்டால், ஒருவர் போட்டாலே போதும்.